சமோரா மாஷேல்: தன் கணக்கைத் தானே பார்த்த விடுதலை வீரர்

வியாபாரிக்கு வருஷத்தில் ஒரு நாள் உண்டு. அன்று பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வராக் கடன் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும். லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைக்கிறவன் கடைசியில் தன்னையே ஏமாற்றிக் கொள்கிறான். கடை வைத்திருக்கும் நமக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி, நாடாளுகிறவர்களுக்குத் தெரிந்திருப்பது அபூர்வம். தெரிந்தாலும் நாலு பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது அதனினும் அபூர்வம்.

அப்படி ஒப்புக்கொண்ட ஒருவர் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தார். அவர் பெயர் சமோரா மாஷேல். மொசாம்பிக் தேசத்தின் முதல் ஜனாதிபதி. ஆஸ்பத்திரிச் சிப்பந்தியாக வாழ்க்கையைத் தொடங்கி, காட்டுப் போரில் தளபதியாகி, நூற்றாண்டுகள் நிலைத்த பறங்கி ஆட்சியை முடித்து வைத்தவர். 1986ல் மறைந்தார்.

அவர் நம் மார்க்கத்தவரல்லர். பொதுவுடைமைக் கொள்கைக்காரர். அந்தக் கொள்கையால் வியாபாரிகள் பட்ட சிரமத்தையும் இங்கே மறைக்காமல் எழுதப் போகிறேன். ஆனாலும் அவருடைய சரித்திரத்தில் நம் போன்ற கடைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

பறங்கியர் வந்த கரை

மொசாம்பிக் இந்து சமுத்திரத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. அதன் கடற்கரை சுமார் 2,500 கிலோமீட்டர் நீளம். பறங்கியர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அரபு வியாபாரிகளும், கரையோரத்துச் சுவாஹிலி முஸ்லிம்களும் அங்கே கப்பல் விட்டுத் தங்கமும் தந்தமும் துணியும் வியாபாரம் செய்தார்கள். அங்குள்ள சிறு தீவு ஒன்றின் தலைவராக இருந்த மூஸா என்ற முஸ்லிமின் பெயரிலிருந்தே மொசாம்பிக் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கும் நாட்டின் வடபகுதியில் முஸ்லிம்கள் மிகுதி.

1498ல் வாஸ்கோ டகாமா இந்தியாவுக்குப் போகும் வழியில் அந்தத் தீவைத் தொட்டார். 1505ல் பறங்கியர் சோபாலாவில் கோட்டை கட்டினார்கள். ஆறே வருஷத்தில், 1511ல், அதே பறங்கியர் நம் மலாக்காவைப் பிடித்தார்கள் என்பதை நாமறிவோம். மலாக்காவை விட்டு அவர்கள் 1641ல் போய்விட்டார்கள். மொசாம்பிக்கை விட்டுப் போனது 1975ல்தான். அங்கே 470 வருஷம் காலூன்றி இருந்தார்கள் என்றால் அந்த வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறப்பும் பள்ளியும்

மாஷேல் 1933ஆம் வருஷம் செப்டம்பர் 29ந் தேதி, நாட்டின் தென்பகுதியில் காஸா மாகாணத்தில், லிம்போபோ ஆற்றங்கரையை அடுத்த ஷிலெம்பேனே என்ற இடத்தில் பிறந்தார். இது பாலஸ்தீனத்துக் காஸா அல்ல, பெயர் ஒற்றுமைதான். அவருடைய பாட்டனார், 1895ல் பறங்கியரிடம் தோற்றுப்போன கூங்குன்யானா அரசரின் பக்கம் நின்று போராடியவர். தகப்பனார் ஏரும் மாடும் வைத்துப் பாடுபட்ட விவசாயி.

அந்த விவசாயியின் வீட்டில்தான் பையன் முதல் கணக்கைப் படித்தான். வெள்ளைக்காரக் குடியேறி கொண்டுவரும் தானியத்துக்கு ஒரு விலை. அதே தானியத்தைக் கறுப்பர் கொண்டுவந்தால் அதற்குக் குறைந்த விலை. சாப்பாட்டுக்குப் பயிர் வைக்க வேண்டிய நிலத்தில் பருத்தி போடு என்று சர்க்கார் கட்டாயப்படுத்தும். விளைந்த பருத்தியைச் சர்க்கார் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாமறிவோம். அங்கே தராசைப் பிடித்திருந்ததே சர்க்கார்தான். யாரிடம் போய் முறையிடுவது?

பிறகு 1950களில் லிம்போபோ பள்ளத்தாக்கின் நல்ல நிலங்களைப் பறங்கிக் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். மாஷேல் குடும்பமும் நிலத்தை இழந்தது. அந்தப் பக்கத்து ஆண்கள் பலர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகப் போவது வழக்கம். அவருடைய அண்ணன் ஒருவர் அப்படிப் போய்ச் சுரங்க விபத்தில் இறந்தார்.

பையன் பாதிரிமார் பள்ளியில் படித்தான். பரீட்சை எழுத வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றார்கள்; பெற்றுக்கொண்டான். மேலே படிக்க ஆசை. பாதிரிமாரோ குருமடத்துப் படிப்புத்தான் உண்டு என்றார்கள். அது வேண்டாம் என்று அவர் தலைநகருக்குப் புறப்பட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் கற்ற பாடம்

தலைநகரின் பெயர் அன்று லொரன்ஸோ மார்க்கெஸ்; இன்று மாபுட்டோ. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மாஷேல் தாதிப் பயிற்சி பெற்றார். நம் நாட்டில் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெஸ்ஸர் என்று இருப்பார்களே, ஏறக்குறைய அது போன்ற உத்தியோகம். புண் கழுவுவது, ஊசி போடுவது, இரவு விழித்து நோயாளியைப் பார்ப்பது எல்லாம் வெள்ளைத் தாதிக்கும் கறுப்புத் தாதிக்கும் ஒன்றே. சம்பளம் மட்டும் ஒன்றல்ல. தகப்பனாரின் தானிய மூட்டைக்கு நடந்தது இப்போது தம் உழைப்புக்கு நடப்பதை அவர் கண்டார். அதை எதிர்த்துப் பேசவும் செய்தார்.

பின்னர் இன்யாக்கா என்ற சிறு தீவில் வேலை பார்த்தார். 1961ல் எதுவார்தோ மொண்ட்லானே என்பவர் நாட்டுக்கு வந்து போனார். அவர் அதே காஸா மாகாணத்துக்காரர். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று ஐக்கிய நாடுகள் சபையில் உத்தியோகம் பார்த்தவர். அவரைச் சந்தித்தது மாஷேலின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

அது கொதிப்பான காலம். 1960 ஜூன் 16ந் தேதி வடக்கே முவேதா என்ற ஊரில், குறைகளைச் சொல்லக் கூடிய ஜனங்களைப் பறங்கியர் சுட்டுத் தள்ளினார்கள். 1961 டிசம்பரில் இந்தியா கோவாவை மீட்டுக்கொண்டபோது, அந்தக் கோபத்தை மொசாம்பிக்கில் கடை வைத்திருந்த இந்தியர்கள் மேல் காட்டினார்கள். இந்தியப் பிரஜைகளை முகாம்களில் அடைத்தார்கள்; சொத்துக்களைப் பறிமுதல் செய்து நாடு கடத்தினார்கள். அவர்களில் குஜராத்தி முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். எங்கோ நடந்த காரியத்துக்கு இங்கே கடைக்காரன் கல்லாப் பெட்டியை இழந்தான். அந்நிய நாட்டில் பிழைப்பவனுக்கு அந்தப் பயம் என்ன என்று நம் முன்னோர்களுக்குத் தெரியும்.

நாட்டை விட்டு வெளியேறுதல்

1962 ஜூன் 25ந் தேதி தாருஸ்ஸலாம் நகரில் மூன்று சிறு இயக்கங்கள் ஒன்று சேர்ந்து பிரெலிமோ என்னும் விடுதலை முன்னணி ஏற்பட்டது. மொண்ட்லானே தலைவரானார்.

மாஷேலை ரகசியப் போலீஸ் கவனிக்கத் தொடங்கியது. அதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்து உயிரைக் காத்தவர் ஒரு வெள்ளைக்காரர். மருந்துக் கம்பெனிக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று வந்த ஒரு போர்த்துக்கீசிய நண்பர். மாஷேல் இதைக் கடைசிவரை மறக்கவில்லை. பகை ஆட்சியோடுதான், தோலின் நிறத்தோடு அல்ல என்று அவர் பின்னாளில் பிடிவாதமாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம்.

1963ல் அவர் சுவாசிலாந்து, தென்னாப்பிரிக்கா வழியாகப் பெச்சுவானாலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து தென்னாப்பிரிக்க விடுதலைக்காரர்களை ஏற்றிச் செல்லவிருந்த சிறு விமானத்தில், அவர்களின் தலைவர் ஜே.பி. மார்க்ஸ் இவருக்கும் ஓர் இடம் கொடுத்தார். தாருஸ்ஸலாம் சேர்ந்ததும் போர்ப் பயிற்சிக்கு முன்வந்தார். பயிற்சி கொடுத்த நாடு அல்ஜீரியா. பிரெஞ்சுக்காரரோடு எட்டு வருஷம் போராடி 1962ல் விடுதலை பெற்ற அந்த முஸ்லிம் நாடு, தன் காயம் ஆறுமுன்னே மற்றவர்களுக்கு உதவியது.

காட்டுப் போர்

1964 செப்டம்பர் 25ந் தேதி வடக்கே ஷாய் என்ற ஊரிலிருந்த பறங்கி நிர்வாக நிலையத்தைத் தாக்கிப் போர் தொடங்கியது. அன்று பயிற்சி பெற்ற வீரர்கள் சுமார் 250 பேர்தான். 1966 அக்டோபரில் அவர்களின் தளபதி பிலிப்பே மகாய்யா கொல்லப்பட, அந்தப் பொறுப்பு மாஷேலிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 33.

தான்சானியாவில் நச்சிங்வேயா என்னும் இடத்தில் பயிற்சி முகாம் இருந்தது. அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் சர்க்கார் ஏராளமான பணத்தைக் கொட்டி அந்தப் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடப் பார்த்தது. மண்ணையும் மழையையும் விசாரியாமல் தொடங்கிய காரியம். சில வருஷங்களில் அடியோடு நஷ்டம். அவர்கள் கைவிட்ட நிலத்தில்தான் மாஷேல் படை வளர்த்தார். வீரர்கள் எழுதப் படிக்கவும், பயிர் வைத்துத் தங்கள் சோற்றைத் தாங்களே விளைவிக்கவும் கற்றார்கள்.

காட்டுப் போர் என்றால் நம்மவர்களுக்கு 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த அவசர கால நாட்கள் நினைவுக்கு வரும். அன்று காட்டோரத்து ஜனங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து கம்பி வேலி போட்ட புதுக் கிராமங்களில் வைத்தார்கள். காட்டிலிருப்பவனுக்கு அரிசி போகாமல் தடுப்பதுதான் நோக்கம். பறங்கியரும் அதே போல மொசாம்பிக்கில் ஏறக்குறைய பத்து லட்சம் ஜனங்களைப் பெயர்த்து வேலிக் கிராமங்களில் அடைத்தார்கள். பக்கத்து ரொடீஷியாவின் வெள்ளை ராணுவத்துக்கோ மலாயாக் காடே பள்ளிக்கூடம். பின்னாளில் ரொடீஷியப் படைகளின் தலைவராயிருந்த பீட்டர் வால்ஸ் 1950களில் இங்கே வந்து காட்டில் சண்டை செய்தவர். ஆனால் இங்கே செல்லுபடியான வித்தை அங்கே செல்லவில்லை. ஜனங்களின் மனம் எந்தப் பக்கம் என்பதை வேலி தீர்மானிப்பதில்லை.

காட்டுக்குள் நடந்த கடை

போர் நடந்த வடபகுதியில் பறங்கி ஆட்சி போன இடமெல்லாம் பறங்கிக் கடையும் போய்விட்டது. ஜனங்களுக்கு உப்பு வேண்டும், துணி வேண்டும், சவுக்காரம் வேண்டும், மண்வெட்டி வேண்டும். அவர்களிடம் முந்திரியும் எள்ளும் நிலக்கடலையும் இருந்தன. இவற்றை ருவுமா ஆற்றைக் கடந்து தான்சானியாவுக்குக் கொண்டுபோய் விற்று, சாமான் வாங்கி வந்து கொடுக்க வேண்டும். துப்பாக்கி எவ்வளவு அவசியமோ இந்த வியாபாரமும் அவ்வளவு அவசியம். உப்பில்லாத ஜனங்கள் எத்தனை நாள் போராடுவார்கள்?

இந்தக் கடைகள் லாசரோ கவன்தாமே என்ற பிராந்தியத் தலைவரின் கையில் இருந்தன. அவரும் அவருடைய ஆட்களும் பொதுச் சாமானை அதிக விலைக்கு விற்று லாபத்தைத் தங்கள் மடியில் போட்டுக்கொண்டார்கள். மாஷேலும் மொண்ட்லானேயும் இதை எதிர்த்தார்கள். வெள்ளையன் செய்த சுரண்டலைக் கறுப்பன் செய்தால் அதன் பெயர் விடுதலை ஆகிவிடாது என்பது அவர்கள் கட்சி. கவன்தாமே 1969ல் பறங்கியரிடமே போய்ச் சேர்ந்துகொண்டார்.

அதே வருஷம் பிப்ரவரி 3ந் தேதி மொண்ட்லானேக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே புத்தகம் என்று பிரித்தார்; வெடிகுண்டு. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. தலைமையைப் பற்றி இயக்கத்துக்குள் பெரிய தகராறு நடந்து, 1970 மே மாதம் மாஷேல் தலைவரானார். போட்டியாக நின்ற உரியா சிமாங்கோ முன்னமே விலக்கப்பட்டிருந்தார்.

இதற்கிடையே 1969 மே மாதத்தில் மாஷேல், பெண்கள் படையில் சேவை செய்த ஜோசினா என்ற பெண்மணியை மணந்தார். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பராமரிக்கும் விடுதிகளை அமைக்க அந்த அம்மையார் காட்டுவழி எல்லாம் நடந்தார். 1971 ஏப்ரல் 7ந் தேதி நோயினால் காலமானார், வயது 25. கையில் ஒரு சிறு மகன். ஏப்ரல் 7 இன்றும் மொசாம்பிக்கில் பெண்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

விடுதலை வந்தது

1970ல் பறங்கித் தளபதி பெரும்படை திரட்டி வடக்கே தாக்கினார். மாஷேல் அந்த இடத்திலேயே நின்று மோதவில்லை. படையின் ஒரு பகுதியை மேற்கே தேத்தே மாகாணத்துக்குத் திருப்பி, சாம்பசி ஆற்றையும் கடக்கச் செய்தார். 1972 டிசம்பர் 16ந் தேதி அந்த மாகாணத்தில் விரியாமு என்ற கிராமத்தில் பறங்கிச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான ஜனங்களைக் கொன்றார்கள். மறுவருஷம் பாதிரிமார் மூலம் அது லண்டன் பத்திரிகையில் வெளிவர, உலகம் திகைத்தது.

மொசாம்பிக், அங்கோலா, கினி ஆகிய மூன்று இடங்களில் பத்து வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளைப் பலி கொடுத்த போர்த்துக்கல் நாட்டு ராணுவமே கடைசியில் சலித்துப்போய், 1974 ஏப்ரல் 25ந் தேதி சொந்த சர்வாதிகார சர்க்காரைக் கவிழ்த்தது. செப்டம்பர் 7ந் தேதி லுசாக்காவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாஷேல் ருவுமா ஆற்றிலிருந்து தலைநகர் வரை நாடு நெடுகப் பிரயாணம் செய்து ஜனங்களைச் சந்தித்துக்கொண்டு வந்தார். 1975 ஜூன் 25ந் தேதி மொசாம்பிக் சுதந்திரம் பெற்றது; அவர் ஜனாதிபதியானார்.

கடைகள் அடைபட்ட கதை

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி.

நாட்டில் சுமார் இரண்டரை லட்சம் பறங்கியர் இருந்தார்கள். பெரும்பாலோர் ஓரிரு வருஷத்தில் போய்விட்டார்கள். ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு எழுதத் தெரிந்தவன், லாரி பழுது பார்க்கத் தெரிந்தவன், வைத்தியன் எல்லாரும் கப்பலேறிவிட்டார்கள்.

அவர்களோடு பட்டிக்காட்டுக் கடைக்காரனும் போய்விட்டான். அவன் கெட்டிக்காரன், சில இடங்களில் அநியாயக்காரன். இருந்தாலும் அவனிடம் ஒரு காரியம் நடந்தது. விவசாயியின் முந்திரியையும் பருத்தியையும் சோளத்தையும் வாங்குவான். எண்ணெய், துணி, சவுக்காரம், மண்வெட்டி கொடுப்பான். கை வறண்ட மாதத்தில் கடன் கொடுப்பான். அந்தக் கடை அடைபட்டதும் விவசாயிக்கு விற்கவும் இடமில்லை, வாங்கவும் இடமில்லை. வாங்கச் சாமானில்லாதவன் எதற்காக அதிகம் விளைவிப்பான்? 1970களின் தொடக்கத்தில் முந்திரியில் உலகத்தில் முதலிடத்திலிருந்த நாடு மளமளவென்று கீழே போயிற்று.

மாஷேலின் சர்க்கார் வைத்தியம், கல்வி, வாடகை வீடுகள் யாவற்றையும் தேசவுடைமை ஆக்கியது. இதில் நல்ல பலனும் இருந்தது. தாதியாயிருந்தவர் அல்லவா? 1976 முதல் நாடெங்கும் அம்மை முதலான நோய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் பெருகின. ஆனால் சில்லறை வியாபாரத்தையும் சர்க்காரே நடத்தும் என்று மக்கள் கடைகளைத் திறந்தது பெரும் பிசகு. கடைச் சிப்பந்திக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. துறைமுகக் கிட்டங்கியில் சரக்கு கெட்டுப்போகும்; கடை வாசலில் ஜனங்கள் விடியுமுன் வரிசையில் நிற்பார்கள். வரிசையில் நிற்காமலே சிலருக்குப் பின்வாசலில் கிடைக்கும்.

1980ஆம் வருஷம் மாஷேல் தாமே புறப்பட்டார். முன்னறிவிப்பில்லாமல் கிட்டங்கிகளிலும் துறைமுகத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் நுழைந்து பார்த்தார். அழுகிய சரக்கையும் குப்பையையும் கண்டார். மார்ச் மாதத்தில் தலைநகரில் ஜனங்களைக் கூட்டி, ஊசியும் சவரப் பிளேடும் விற்றுக்கொண்டிருப்பது சர்க்காரின் வேலையல்ல என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். மக்கள் கடைகளைத் தனியாருக்கு விடச் செய்தார். நாட்டை விட்டுப் போன வியாபாரிகளைத் திரும்பி வரும்படியும் கேட்டார்.

நண்பர்களே, இது சாதாரண விஷயமல்ல. தாம் போட்ட திட்டம், தம் கொள்கையின் பெயரால் போட்ட திட்டம், அது நஷ்டம் என்று தம் வாயாலேயே சொல்ல எத்தனை ஆட்சியாளருக்கு மனம் வரும்? எத்தனை முதலாளிக்கு வரும்? சரக்கு விலைபோகவில்லை என்றால் கடைப் பையனைத் திட்டுகிறவர்கள் நம்மில் இல்லையா?

மார்க்க விஷயமும் இதைப் போன்றதே. ஆரம்ப வருஷங்களில் பள்ளிவாசல்களுக்கும் கோயில்களுக்கும் பல நெருக்கடிகள் இருந்தன. 1981ல் இஸ்லாமிய சபை ஒன்று அமையச் சர்க்கார் இடம் கொடுத்தது. 1982ல் மாஷேல் எல்லா மதத் தலைவர்களையும் அழைத்துப் பேசினார். அதன்பின் நெருக்கடி தளர்ந்தது.

எல்லாத் தவற்றையும் அவர் திருத்திக்கொண்டார் என்று எழுதினால் நானும் பொய்க் கணக்கு எழுதினவனாவேன். எதிர்த்தவர்களை விசாரணையின்றி முகாம்களில் அடைத்தார்கள். சிமாங்கோவும் வேறு சிலரும் அவருடைய ஆட்சியில் ரகசியமாகக் கொல்லப்பட்டார்கள். 1983ல் கள்ளச் சந்தைக்காரர்களுக்குச் சவுக்கடி கொடுக்கச் சட்டம் வந்தது. கடத்தல் குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் இந்திய வம்சத்து வியாபாரி ஒருவரும் உண்டு. அதே வருஷம் நகரங்களில் வேலையற்றிருந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து வடகோடிக் காடுகளுக்கு அனுப்பினார்கள். பையனாயிருந்தபோது அதிகாரியின் அநியாயத்தைக் கண்டு மனம் கொதித்தவருடைய ஆட்சியில் இவை நடந்தன. இந்தப் பற்றுகள் அவர் கணக்கில் அழியாமலே நிற்கின்றன.

அண்டை வீட்டாருக்காகப் பட்ட நஷ்டம்

ரொடீஷியாவில் சிறுபான்மை வெள்ளையர் 1965ல் தாங்களாகவே சுதந்திரம் என்று அறிவித்துக்கொண்டு கறுப்பரை அடக்கி ஆண்டார்கள். அந்த நாட்டுக்குக் கடல் இல்லை. அதன் சரக்கில் பெரும்பகுதி மொசாம்பிக்கின் பெய்ரா, மாபுட்டோ துறைமுகங்கள் வழியாகத்தான் போய்வரும். ரயில் கூலியும் துறைமுகக் கூலியும் மொசாம்பிக்குக்கு முக்கிய வருமானம்.

1976 மார்ச் 3ந் தேதி மாஷேல் எல்லையை மூடினார். சுதந்திரம் பெற்று எட்டே மாதம், கஜானா காலி. தம்முடைய மிகப் பெரிய வாடிக்கைக்காரருக்குத் தாமே கதவடைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான டாலர் நஷ்டம். அத்தோடு ரொடீஷிய விடுதலைப் போராளிகளுக்கு இடம் கொடுத்தார். லட்சத்துக்கு மேல் அகதிகள் வந்து தங்கினார்கள். ரொடீஷிய ராணுவம் சும்மா இருக்குமா? 1976 ஆகஸ்டில் நியாட்சோனியா முகாமில் மொசாம்பிக் சிப்பாய் உடையணிந்து புகுந்து ஆயிரம் பேருக்கு மேல் கொன்றது. 1977 நவம்பரில் ஷிமோயோவிலும் பெரும் கொலை நடந்தது. பாலங்களும் ரயில் பாதைகளும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ரெனாமோ என்ற கலகப் படையை மொசாம்பிக்குக்குள் உண்டாக்கி விட்டவர்களும் ரொடீஷிய உளவுக்காரர்களே.

1979 கடைசியில் லண்டனில் சமாதானப் பேச்சு நடந்தது. போராளித் தலைவர் முகாபே இன்னும் போராடலாம் என்று தயங்கினார். கையெழுத்துப் போடும்படி வற்புறுத்தியவர் மாஷேல். போரின் சுமை யார் தலையில் விழுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். வெள்ளையரை ஓட்டிவிடாதே, எங்கள் நாடு பட்டது போதும் என்ற கருத்தில் புத்தியும் சொன்னார். தம் நஷ்டத்தை மறைத்திருந்தால் அந்தப் புத்தியைச் சொல்லியிருக்க முடியாது. 1980 ஏப்ரல் 18ந் தேதி ரொடீஷியா, ஜிம்பாப்வே என்ற பெயரில் விடுதலை பெற்றது.

அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வற்புறுத்துகிறது என்று மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். மாஷேல் நம் கிதாபுகளைப் படித்தவரல்லர். ஆனாலும் அண்டை வீட்டாருக்காகத் தம் அடுப்பை அணைத்தவர்களில் அவரும் ஒருவர்.

கடைசி நாட்கள்

ஜிம்பாப்வே விடுதலையான பின் ரெனாமோவைத் தென்னாப்பிரிக்க வெள்ளை ராணுவம் எடுத்து வளர்த்தது. கலகக்காரர்கள் கிராமத்துக் கடைகளையும் பள்ளிகளையும் மருந்துச் சாலைகளையும் கொளுத்தினார்கள். மழையும் பொய்த்தது. 1983, 84ல் பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள்.

வேறு வழியில்லாமல் 1984 மார்ச் 16ந் தேதி மாஷேல், இங்கோமாட்டி ஆற்றங்கரையில் தென்னாப்பிரிக்க அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார். தென்னாப்பிரிக்க விடுதலைக்காரர்களுக்குத் தம் மண்ணில் தளம் தருவதில்லை என்று இவரும், ரெனாமோவுக்கு உதவுவதில்லை என்று அவர்களும் உடன்பட்டார்கள். பழைய தோழர்கள் மனம் நொந்தார்கள். இவர் பெரும்பாலும் வாக்கைக் காப்பாற்றினார். அவர்கள் காப்பாற்றவில்லை, 1985ல் கலகக்காரர் முகாமில் கிடைத்த காகிதங்களே அதற்குச் சாட்சியாயின.

1986 அக்டோபர் 19ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. சாம்பியாவில் அண்டை நாட்டுத் தலைவர்களோடு பேசிவிட்டு மாஷேல் இரவில் விமானத்தில் திரும்பினார். விமானம் மாபுட்டோவுக்குப் போகாமல் திசை திரும்பி, தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இம்புசினி என்னும் இடத்தில் மலையில் மோதியது. அவரோடு சேர்த்து 35 உயிர்கள் போயின. அவருக்கு வயது 53. ஓட்டியவர்களின் பிசகு என்று தென்னாப்பிரிக்க விசாரணை சொன்னது. பொய்யான வழிகாட்டி ஒலி வைத்து ஏமாற்றியதாகச் சோவியத் தரப்பு சொன்னது. நிறவெறி ஆட்சி ஒழிந்த பின் 1998ல் உண்மை அறியும் குழு, சந்தேகங்கள் தீரவில்லை என்றே எழுதி வைத்தது.

ஜோசினாவுக்குப் பின் 1975ல் அவர் மணந்த கிராஸா அம்மையார், கல்வி மந்திரியாயிருந்தவர். பிற்பாடு 1998ல் நெல்சன் மண்டேலாவை மணந்தார். உள்நாட்டுப் போர் 1992 அக்டோபரில்தான் ரோமாபுரியில் ஒப்பந்தமாகி ஓய்ந்தது. அதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் போரிலும் பசியிலும் இறந்திருந்தார்கள்.

விமானம் விழுந்த மலையில் இப்போது ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 35 உயிர்களுக்காக 35 எஃகுக் குழாய்களை நட்டிருக்கிறார்கள். மலைக்காற்று அவற்றில் புகும்போது அழுவது போல் ஒலிக்கும்.

கணக்கு முடிவு

மாஷேலின் பேரேட்டை மூடும்போது என்ன மிஞ்சுகிறது? தந்தையின் தானியத்துக்கு நியாய விலை கேட்கத் தொடங்கிய பையன், நாட்டுக்கே விடுதலை வாங்கிக் கொடுத்தார். அது பெரிய வரவு. கடைகளை அடைத்ததும், சவுக்கைத் தூக்கியதும், ரகசியக் கொலைகளும் கனத்த பற்று. ஆனால் கடை விஷயத்தில் நஷ்டத்தை நஷ்டம் என்று ஊரறியச் சொல்லித் திருத்தப் புறப்பட்டார். திருத்திய இடத்தில் ஜனங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. திருத்தாத இடத்தில் அவர் பெயரிலேயே கறை தங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குத்தான் பாடம்.

நமக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. கடைக்காரன் இல்லாமல் ஒரு நாடு எப்படித் தவிக்கும் என்று அங்கே பார்த்தோம். அதைச் சொல்லி நாம் பெருமைப்படலாம். அதே கடைக்காரன் கவன்தாமேயைப் போல ஆகிவிட்டால், பஞ்ச காலத்தில் உப்பைப் பதுக்கினால், ஜனங்கள் சவுக்கைக் கேட்டுத் தெருவில் நிற்பார்கள் என்பதையும் அங்கேதான் பார்த்தோம். நம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நாம் மட்டுமல்ல, ஊராரின் நம்பிக்கையும்தான்.

மறுமையில் கேட்கப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் நம் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.